கல்லில் கிரீடம் கொத்தச் சாட்சி வேண்டும்

பதினொன்று. கல்லறைக் கல்லில் பட்டாளச் சின்னம் கேட்டு வந்து, குத்தாலிங்க ஆசாரியிடம் வெறுங்கையோடு திரும்பிய குடும்பங்கள் இத்தனை. இதை மறந்துவிட்டு அவரைப் பற்றிப் பேச முடியாது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டோரம் அவர் கொட்டகை. பட்டாளத்துச் சட்டைப் பித்தான் என்று யாராவது நீட்டினால் முதலில் முகர்வார். பிறகு கடிப்பார். பிறகு ஈரக் களிமண்ணில் அழுத்தி, பதிந்த கிரீடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். "சந்தையில வாங்குனதும் பித்தான்தாம்லே. செத்தவன் சட்டையில இருந்திச்சின்னு யாரு கண்டா?" காகிதத்தையும் நம்ப மாட்டார். சுந்தரபாண்டியபுரத்தில் பட்டாளத்திலிருந்து விடுவித்ததாகச் சொல்லும் ஒரே டிஸ்சார்ஜ் காகிதம் மூன்று வீட்டுக்குக் கைமாறியதைப் பிடித்தவர் அவர்தான்.

இவர் சர்க்கார் ஆள் என்றே, கொட்டகையில் தினமும் போய் உட்காரும் நான் சந்தேகப்பட்டேன். ஏழையைக் கப்பலேற்றிச் சாகக் கொடுத்த வெள்ளைக்காரர்களின் கிரீடத்துக்கு இவர் ஏன் இத்தனை காவல்? நேராகவே கேட்டேன். உளியை நிறுத்தாமல் சொன்னார்: "கிரீடத்துக்கு யாருவே காவல் இருக்கா? ஒரு கல்லுல பொய்யக் கொத்திட்டா, மெய்யாச் செத்தவன் கல்லையும் எவன் நம்புவான்?"

போன ஆனியில் குத்துக்கல்வலசை உலகம்மாள் வந்தாள். கடல் தாண்டிப் போய்த் திரும்பியிருந்த புருஷன் தளவாய், வீட்டில் காய்ச்சலில் இறந்து ஒரு மாதம். வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார் அவன் அண்ணன் நம்பிராஜன்.

"எந்தம்பி வெள்ளக்காரன் பட்டாளத்தோட பஸ்ரா சண்டைக்கா போனான்? கொழும்புத் தோட்டத்துக்கு ஓடுன பய, ஆசாரி!"

காகிதத்தைக் கரையான் தின்றுவிட்டது. பித்தானும் இல்லை. "ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு பதினாலு வருசமாச் சொல்லுதாக, அண்ணாச்சி. கல்லாவது மெய் சொல்லட்டும்" என்றாள் உலகம்மாள்.

"வாய்ப்பேச்சுக்குத் துப்பாக்கி கொத்த முடியாது, தாயி. போயிட்டு வா."

"அவுக துப்பாக்கி தூக்கல. கோவேறு கழுத ஓட்டுனாக."

"கேட்டீரா! பட்டாளத்துல கழுத மேய்ச்சானாம்!" நம்பிராஜன் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

ஆசாரி சிரிக்கவில்லை. உளியைக் கீழே வைத்தார். பஸ்ராவில் கழுதை ஓட்டித் திரும்பிய மைதீன் ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லியிருந்தான். பட்டாளத்துக் கழுதையின் குளம்பில் நம்பர் சுட்டிருப்பார்கள். தினமும் காலைத் தூக்கித் துடைத்தவனுக்குத்தான் அது தெரியும். இதை ஆசாரி ஊரில் ஒருவரிடமும் மூச்சுவிட்டதில்லை. எனக்கே பிற்பாடுதான் சொன்னார்.

"கழுதைக்கு என்ன பேரு வச்சிருந்தாரு?" கேள்வியில் கண்ணி இருந்தது.

"பேரா? நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவாக. குளம்புல சுட்டிருக்குமாம். காய்ச்சல்ல கெடந்தப்பவும் அந்த நம்பரத்தான் பொலம்பிக்கிட்டுக் கெடந்தாக."

நம்பிராஜன் சிரிப்பை நிறுத்தினார். ஆசாரி நம்பரைக் கேட்டார். சொன்னாள். திரும்பக் கேட்டார். மூன்றாம் தடவையும் அதையே சொன்னாள்.

சாரலில் நனைந்திருந்த கல்லைத் துண்டால் துடைத்தார். காவிக்கட்டியை எடுத்தார். கிரீடம் போடவில்லை, துப்பாக்கி போடவில்லை. நீண்ட காதுகள் வந்தன, முதுகில் சுமை வந்தது, நாலு கால்கள் வந்தன. முன்னங்கால் குளம்பில் குனிந்து எழுதினார்:

417.