பன்னிரண்டு இடம், ஒரே வண்டி

சனிக்கிழமை, காலை ஐந்தரை மணி. சென்னையிலிருந்து கம்பம் போகும் பேருந்து என்னை வத்தலக்குண்டில் இறக்கிவிட்டுத் தன் வழியே போனது. நிலையத்தின் எதிரே பதினைந்து ரூபாய்க்குத் தேநீர் கிடைத்தது. சர்க்கரைதான் அதிகம், தேயிலையைக் காணோம். இங்கிருந்து கொடைக்கானல் அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், மலைப்பேருந்தில் இரண்டரை மணி நேரம்.

கொடைக்கானலைப் பற்றித் தேவைக்கு மேலேயே எழுதிவிட்டார்கள். ஏரியும் பனியும் பேரிக்காயும் உங்களுக்குத் தெரிந்தவைதாம். நான் போனது ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணைத் தேடி. அவள் அந்த ஊர் வேன் ஸ்டாண்டில் நின்று, "பன்னெண்டு இடம், ஒரே வண்டி, ஜன்னல் சீட்டு" என்று கூவிக்கொண்டிருந்தவள். அவள் நான்தான். இப்போது எனக்கு இருபத்தொன்பது. ஆபீஸ் கேன்டீனில் "இன்னும் கொஞ்சம் சாம்பார்" என்று கேட்பதற்குள் பரிமாறுகிறவர் அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார்.

போன மாதம் எங்கள் கம்பெனியில் தன்னம்பிக்கைப் பயிற்சி என்று ஒன்று நடத்தினார்கள். பயிற்சி கொடுத்த அம்மா எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். நீங்கள் தைரியமாக இருந்த வயதுக்குப் போங்கள், அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள் என்றார். சுற்றிலும் எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பாவாடைப் பையில் எலுமிச்சம்பழம் கனத்த ஞாபகம் மட்டும் வந்தது. கையைப் பிடித்துத்தான் கூட்டி வர வேண்டுமென்றால் நேரில் போய்விடுவோமே என்று டிக்கெட் எடுத்தேன்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. நான்கு மாதம் உட்கார்ந்து நான் செய்து முடித்த வேலையைத் திங்கட்கிழமை வாடிக்கையாளர்கள் முன் யாராவது ஒருவர் விளக்க வேண்டும். விளக்குகிறவர் கைக்குத்தான் புதிய குழு போகும். அது நானா, பக்கத்து நாற்காலி பிரதீப்பா என்று மேலாளர் சொல்லவில்லை. பிரதீப்புக்கு என் வேலையில் பாதி புரியாது. ஆனால் அவனுக்குத் தொண்டை இருக்கிறது.

ஏழு மணிக்கு மலைப்பேருந்து கிளம்பியது. எனக்குப் பழகிய பாதைதானே என்ற தெம்பில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பாதி மலையில் இருக்கும் ஊத்து என்ற ஊரைத் தாண்டுவதற்குள் வயிறு புரண்டுவிட்டது. நடத்துநர் ஒரு பாலிதீன் பையை நீட்டினார். மலையில் வளர்ந்தவள் மலையேற முடியாமல் வாந்தி எடுத்தேன். வெட்கமாக இருந்தது.

இந்த வாந்திதான் ஒரு காலத்தில் எனக்கு முதலீடு. அப்பா வேன் ஓட்டினார். ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகளுக்கு முறை உண்டு. முறை வந்த வண்டிதான் பயணிகளை ஏற்ற வேண்டும். ஆனால் பயணியே இந்த வண்டிதான் வேண்டும் என்று கேட்டு வந்தால் முறை பார்க்க மாட்டார்கள். சனி, ஞாயிறுகளில் நான் பேருந்து வந்து நிற்கும் இடத்துக்கே போய்விடுவேன். தலை சுற்றி இறங்கும் குழந்தைகளின் மூக்கருகே கீறிய எலுமிச்சம்பழத்தை வைப்பேன். "எங்க வண்டி டிரைவர் வளைவுல மெதுவா ஓட்டுவாருக்கா" என்று அம்மாக்காரியிடம் சொல்வேன். அதற்கப்புறம் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று கூவினால் மலையாளக் குடும்பமும் கன்னடக் குடும்பமும் பின்னாலேயே வரும். மீசை வைத்த டிரைவர்கள் எலுமிச்சம்பழத்தோடு நின்று பார்த்தார்கள். குழந்தைகள் பயந்து அழுததுதான் மிச்சம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஸ்டாண்டே சொல்லும்.

பிறகு நான் பெரியவளானேன். ஊரை ஒட்டிய அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள், மாமன் சீர் வந்தது, நூறு பேர் சாப்பிட்டார்கள். மறு வாரம் நான் பழத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "இனிமே ஸ்டாண்டுப் பக்கம் வராதத்தா" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து மெதுவாகப் பேசு, மெதுவாகச் சிரி என்றே காலம் ஓடிவிட்டது. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்தக் கோபம் மட்டும் சாகவில்லை.

ஒன்பதரை மணி, கொடைக்கானல். ஸ்டாண்ட் இருந்தது, சத்தம் இல்லை. டிரைவர்கள் ஆளுக்கொரு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயணிகள் விடுதியிலிருந்தே வண்டி பதிவு செய்துவிடுகிறார்கள், இறங்கியதும் காத்திருக்கும் காரில் ஏறிக்கொள்கிறார்கள். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

முருகேசன் சித்தப்பா என்னை அடையாளம் கண்டுகொண்டார். அப்பாவோடு ஒரே வரிசையில் வண்டி போட்டவர். இப்போது நரைத்துப் போய் ஒரு பழைய கார் வைத்திருக்கிறார்.

"ஏத்தா, எலுமிச்சம்பழப் பிள்ளைதான நீ? என்னத்தா, சத்தமே காணோம்?"

வயிறு சரியில்லை என்றேன். அவர் காரிலேயே ஊரைச் சுற்றுவதென்று முடிவானது. ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, எனக்காக இரண்டாயிரம். பன்னிரண்டு இடங்களையும் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. பைன் காட்டில் ஆளுக்கொரு மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மோயர் பாயின்ட்டில் வாகன நெரிசலில் முக்கால் மணி நேரம் போனது. தூண் பாறைக்குப் போனபோது மதியம் இரண்டு மணி, பாறையைப் பனி மூடியிருந்தது. நுழைவுச்சீட்டு வாங்கிய எல்லோரும் வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். காத்திருந்தால் விலகும் என்று சொன்ன சித்தப்பா, இரண்டு தேநீரும் ஒரு மக்காச்சோளமும் வாங்கி வந்தார்.

பேச்சு அப்பாவிடம் வந்தது. அவர் என்னை ஸ்டாண்டுக்கு வரவிடாமல் செய்ததை நான் இன்னும் மறக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். சித்தப்பா கொஞ்ச நேரம் சோளத்தை உதிர்த்தார்.

"ஒங்கப்பன் மேல கோவம் வைக்காதத்தா. அவனா சொல்லல. நாங்க மூணு பேருதேன் அவனக் கூப்பிட்டுச் சொன்னோம், பிள்ள ஆளாயிருச்சு, இனிமே நாலு பேரு நிக்கிற எடத்துல நிக்க விடாதன்னு."

அவரே தொடர்ந்தார்.

"நெசத்தச் சொல்லணும்னா, நீ நின்னா எங்க வண்டிக்கு ஆளே வரலத்தா. பஸ்ஸு வந்தா ஒன் பின்னாடியே போயிருவாங்க. எங்களுக்கும் பிள்ளகுட்டி இருக்குல்ல. மாட்டேன்னா ஒன் வண்டிக்கு இங்க முறை கெடையாதுன்னோம். ஒரு பீடி குடிக்கிற நேரம் நின்னான். சரின்னுட்டான்."

இதைச் சொல்லிவிட்டு அவர் தலை குனியவில்லை. நானே ஏதோ நன்றி சொல்ல வேண்டும் என்பதுபோல என்னைப் பார்த்தார். "இன்னைக்கு மெட்ராசுல ஏசி ரூமுல ஒக்காந்திருக்கன்னா, ஒன் நல்லதுக்குத்தேன அது முடிஞ்சிருக்கு?" என்றார். அதோடு விடவில்லை. இப்போது ஸ்டாண்ட் படுத்துவிட்டது, உன்னை மாதிரி ஒரு பிள்ளை இருந்தால் நாலு வண்டிக்காவது ஆள் வரும் என்று வருத்தப்பட்டுக்கொண்டார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஒரு பிள்ளையின் வாயை மூட மூன்று டிரைவர்கள் போதும். சீர், பந்தல், மஞ்சள் நீர் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது வெறும் வண்டிச் சவாரி. அப்பா என்னைக் கொடுத்து முறையை வாங்கியிருக்கிறார், அதற்கு ஒரு பீடி நேரம் யோசித்திருக்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரிங்க சித்தப்பா" என்றேன். தேநீருக்கு நான் காசு கொடுக்கிறேன் என்றேன். பனி விலகவில்லை. திரும்பிவிட்டோம்.

அட்டுவம்பட்டி வீட்டைப் பார்க்கப் போகவில்லை. விடுதி அறை ஆயிரத்து இருநூறு ரூபாய், வெந்நீர் காலையில் மட்டும். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்த மூன்று பேரிடமும் சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரிடம் சொன்னேன். சுவருக்கும் கேட்டிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி. பத்து ரூபாய்க்கு ஒரு எலுமிச்சம்பழம் வாங்கினேன். திருச்சிப் பேருந்திலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது, பெண் குழந்தைக்கு முகம் வெளுத்திருந்தது. பழத்தை நகத்தால் கீறி நீட்டினேன். அம்மா குழந்தையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "எவ்வளவு?" என்று கேட்டார். சும்மாதான் என்றதும் சந்தேகம் இன்னும் கூடியது. அவர்கள் போனபின் அந்தக் கைப்பிடிச் சுவருக்கு முன்னால் போய் நின்றேன். ஏற வேண்டாம், தரையில் நின்றே ஒரு தடவை கூவிப் பார்ப்போம் என்று வாயைத் திறந்தேன். "பன்னெண்டு" என்பதில் பாதிதான் வந்தது, அதுவும் காற்றாக. அந்தப் பெண் வரமாட்டாள் என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரிந்தது. பதினாறு வருடம் கழித்து வந்து கையைப் பிடித்தால் எந்தப் பிள்ளை வரும்?

பதினொரு மணிப் பேருந்தில் ஏறி மலையிறங்கினேன். பக்கத்து இருக்கையில் ஒரு வெங்காய வியாபாரியம்மா, மடியில் காலிச் சாக்குகள். பெருமாள்மலை தாண்டும்போது மேலாளர் அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு செய்வதற்கு மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர், எப்போதும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் செய்வார்.

"கலை, நாளைக்கு பிரசன்டேஷன பிரதீப் பண்ணட்டும். நீ பக்கத்துல உட்கார்ந்து பாயின்ட்ஸ் எடுத்துக் குடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

முந்தின நாள் மதியம் சித்தப்பாவும் இதே நல்லதைத்தான் சொன்னார், அவரிடம் சரிங்க என்றுவிட்டேன். "இல்ல சார், நான்தான் பேசுவேன்" என்றேன். வளைவில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது, அவர் ஹலோ, ஹலோ என்றார். "நான் பண்ணின வேலை, நான்தான் பேசுவேன். பிரதீப் பக்கத்துல உட்காரட்டும்" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்பது முன்வரிசையில் தூங்கிய ஆட்கள் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மெதுவாகப் பேசும்மா என்றார் நடத்துநர்.

மேலாளர் ஆடிப்போயிருக்க வேண்டும். "என்ன கலை, நீ இப்படிப் பேசுற பொண்ணு இல்லையே" என்றார்.

"இப்படித்தான் சார் இருந்தேன்" என்றேன். குரல் இறங்கவில்லை. சரி, நீயே பேசு என்று அவர் சொல்லி முடித்ததும் சிக்னல் போய்விட்டது.

சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். சுவரில் ஏறி நின்ற அந்தப் பெண் யார் மேலும் கோபப்படாமல் கூவினாள், கூவுவது பிடித்ததால் கூவினாள். இப்போது வந்த சத்தம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. நாளைக்கு இதை வைத்துக்கொண்டுதான் நான் பேச வேண்டும்.

வெங்காய வியாபாரியம்மா என் முழங்கையைத் தொட்டார். "வீட்டுக்காரராம்மா?" என்று கேட்டார்.

இல்லை, ஆபீஸ் என்றேன்.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, சாக்கைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிப்போனார்.