பானெட்டில் ஒரு பொட்டு

முதலில் என் மடத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரித்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரு முறை கற்றுக்கொள்ளப் போனேன். சொல்லிக்கொடுக்க வந்தவர் இரண்டாம் நாளே என்னைத் திருவொற்றியூர் ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டு, "சார், உங்களுக்கு டிரெயின்தான் செட் ஆவும்" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அப்படிப்பட்ட என் வீட்டில் இன்றைக்கு ஒரு டஜனுக்கு மேல் அமெரிக்கக் கார்கள் நிற்கின்றன. எல்லாம் அந்தக் காலத்தில் அந்த ஊர்த் தெருக்களைக் கலக்கியவை. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம்.

பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும். ஒட்ட வேண்டும், தேய்க்க வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். ஸ்டியரிங், கதவுக் கைப்பிடி, கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் வரை ஒவ்வொன்றாக வர்ணம் தீட்ட வேண்டும். அமெரிக்கா எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் கடலைப் பார்த்துக் கை நீட்டுவேன். அதற்கு மேல் எனக்கும் அந்த நாட்டுக்கும் சம்பந்தமில்லை.

ஏன் இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு என் பிழைப்பைச் சொன்னால் போதும். துறைமுகத்துக்கு வந்து போகும் கன்டெய்னர்கள் நிற்கும் யார்டில் வேலை. ஒவ்வொரு பெட்டியையும் சுற்றி வந்து, எங்கே துரு, எங்கே நசுங்கல், எங்கே ஓட்டை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பகல் முழுக்கத் துருவையும் நசுங்கலையும் பார்த்த கண்ணுக்குச் சாயங்காலம் வழவழவென்று எதையாவது காட்ட வேண்டாமா? சில பேர் அதற்காகக் கோயிலுக்குப் போகிறார்கள். நான் பாத்ரூமுக்குப் போகிறேன்.

பாத்ரூம்தான் என் பெயின்ட் ஷாப். எங்கள் திருவொற்றியூர்ப் பக்கத்துக் காற்றில் உப்பும் இருக்கும், அனல் மின் நிலையத்துச் சாம்பலும் இருக்கும். ஈர பெயின்ட்டின் மேல் ஒரு துளி சாம்பல் உட்கார்ந்தால் அது அங்கேயே குடும்பம் நடத்தும். கடல் காற்று ஏறிய நேரத்தில் அடித்தாலோ பளபளப்பு செத்து, பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிடும். அதனால் தரையில் தண்ணீர் தெளித்து, கதவைச் சாத்தி, சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் அடிப்பேன். சட்டையிலிருந்து பஞ்சு பறக்கும். லுங்கியிலிருந்தும் பறக்கும். அதற்கு என்ன செய்வேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

என் வீட்டுக்காரி தையல்காரி. அவள் பிறந்தது காசிமேட்டில், கடலுக்குப் போகிற குடும்பம். வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு, தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைக்கிறாள். மிஷினில் பாபினுக்கு நூல் சுற்றுகிற சின்னக் கம்பி ஒன்று கிர்ரென்று சுழலும். அந்தக் காலத்து அமெரிக்க டயருக்குப் பக்கவாட்டில் வெள்ளை வட்டம் உண்டு. கையால் அந்த வட்டத்தைப் போட்டால் பூசணிக்காய் மாதிரி வரும். ஒரு நாள் அவள் மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் டயரைப் பாபின் கம்பியில் மாட்டி, காலால் மிஷினை மிதித்து, தூரிகையை லேசாக வைத்தேன். அடடா, காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி வட்டம்! அந்தச் சந்தோஷத்தில் காலை இன்னும் வேகமாக மிதித்தேன். பக்கத்தில் தைத்து மடித்து வைத்திருந்த யாரோ ஒருத்தியின் சிவப்பு ஜாக்கெட் முழுக்க வெள்ளைப் புள்ளி.

அவள் திரும்பி வந்து பார்த்தாள். கத்துவாள் என்று காதைப் பொத்தத் தயாராக இருந்தேன். கத்தவில்லை.

"பொம்மைக்கு டயரு மாட்ற வயசாய்யா ஒனக்கு?" என்றாள். அவ்வளவுதான்.

எனக்குக் குத்தியது அந்தப் 'பொம்மை'தான். பெயின்ட் காய நான் காரின் மேல் டப்பாவைக் கவிழ்த்து மூடி வைத்தால், "பொம்மைய எடு, அங்க எல போடணும்" என்பாள். பெட்டி வந்தால், "இன்னொரு பொம்மை வந்துகீது." அவள் தம்பிக்கு ஃபைபர் படகு இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் என் கார்களின் பின்பக்கம் தூக்கி நிற்கும் றெக்கைகளைத் தடவிப் பார்த்து, "இன்னா மாமா, வஞ்சிரம் வாலு மாறி கீது? கொழம்பு வெச்சிடலாமா?" என்பான். அக்காளும் தம்பியும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்ய, அவன் கொண்டு வந்த மீனைத்தானே சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு ஆசை. என்றைக்காவது ஒரு நாள் அவள் வாயால் இதை 'வண்டி' என்று சொல்ல வேண்டும். அதற்கு என்ன வழி என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், தெற்கே ஒரு ஹாலில் இந்த மாதிரி மாடல் செய்கிறவர்களுக்குக் கண்காட்சி, பரிசும் உண்டு என்று செல்போனில் பார்த்தேன். ஆயுத பூஜை முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை. ஒரு கோப்பையைக் கொண்டுவந்து அவள் மிஷின் மேல் வைத்தால் வாய் தானாக வண்டி என்று சொல்லிவிடாதா?

அதற்கென்றே ஒரு காரை எடுத்தேன். மேலே வெள்ளை, கீழே கடல் பச்சை, வாலில் இரண்டு பெரிய றெக்கை. குரோமியப் பட்டைக்கு மாத்திரை அட்டையின் பின்பக்க வெள்ளித்தாளை மெல்லியதாகக் கீறி ஒட்டினேன். தலைவலி இல்லாமலேயே மாத்திரை வாங்கிய ஒரே ஆள் அந்த மருந்துக் கடைக்கு நான்தான். டேஷ்போர்டில் ஸ்பீடு காட்டும் முள்ளை, தூரிகையில் ஒரே ஒரு முடியை விட்டு மற்றதை எல்லாம் வெட்டிவிட்டு வரைந்தேன். மூச்சு விட்டால் முள் வளையும். கடைசிக் கோட் பெயின்ட் பூஜைக்கு முந்தைய நாள் அடித்து முடித்தேன். சாம்பல் ஒன்றுகூட உட்காரவில்லை. முகம் பார்த்துப் பவுடர் போடலாம், அப்படி ஒரு பளபளப்பு. நன்றாக இறுக நாலைந்து நாளாகும். தொடக்கூடாது. டப்பாவைக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனேன்.

பூஜை அன்று யார்டிலும் அமர்க்களம். பெட்டி தூக்குகிற மிஷினுக்கெல்லாம் மாலை, வாழைக்கன்று, பூசணிக்காய். நான் பொரி, சுண்டல் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். வாசலில் என் ஸ்கூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். உள்ளே தையல் மிஷினுக்குப் பொட்டு. கத்திரிக்கோலுக்குப் பொட்டு. இஸ்திரிப் பெட்டிக்குப் பொட்டு. அவற்றின் பக்கத்தில் ஒரு மணைப்பலகை. அதன் மேல் என் கடல் பச்சைக் கார். பானெட் நடுவில், பத்து பைசா அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் கொழுக்க ஈரக் குங்குமம்.

கையிலிருந்த பொரி கீழே கொட்டியதுகூட எனக்குத் தெரியவில்லை.

"இன்னாமே பண்ணி வச்சிக்கீற?"

"இன்னா பண்ணேன்? பூஜை பண்ணேன்."

"இதுக்கு எதுக்குமே பொட்டு? பெயின்டு இன்னும் காயவே இல்லியே!"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வூட்ல கீற வண்டிக்கெல்லாம் வெச்சேன். இதுக்கு மட்டும் வெக்காம வுட்டா நல்லாவா இருக்கும்? ஞாயித்துக்கெழம வெளிய எடுத்துகினு போறேன்னு நீதான சொன்ன? பொட்டு வெக்காம எங்க ஊட்ல எதையும் வெளிய எடுக்க மாட்டோம். படகு ஆனாலும் சரி, இது ஆனாலும் சரி." சொல்லிவிட்டு, "கொட்டுனத யாரு பொறுக்கறது?" என்று துடைப்பத்தை நீட்டினாள்.

பொரியைக் கூட்டிக்கொண்டே அவள் சொன்னதை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். வண்டிக்கெல்லாம் என்றாள். இதுக்கு மட்டும் என்றாள். சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டாள். ஆனால் இதே வார்த்தையை நேற்றே, குங்குமம் இல்லாமல், சும்மா சொல்லியிருக்கக் கூடாதா?

மறுநாள் ஈரப் பஞ்சால் மெதுவாக ஒற்றி எடுத்தேன். சந்தனம் போனது. குங்குமம் போகவில்லை. சாயம் பெயின்ட்டுக்குள் இறங்கி, கடல் பச்சையின் நடுவில் செக்கச்செவேலென்று ஒரு வட்டம். அதைச் சுற்றிச் சந்தனம் இருந்த இடத்தில் மங்கலாக இன்னொரு வட்டம். இதைச் சரிசெய்ய வழி உண்டு. மிக நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்து, மறுபடி ஒரு கோட் அடித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் காய்ந்துவிடும். தாளைத் தோய்த்தும் வைத்துவிட்டேன். பானெட்டின் மேல் விரலைக் கொண்டுபோனேன். முன்னறையில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. விரலை எடுத்துவிட்டேன். மறுபடி கொண்டுபோனேன். தாள் காய்ந்து சுருண்டுவிட்டது.

சோம்பேறித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைத் தெரிந்தவர்கள் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள்.

பொட்டு இருக்கட்டும் என்று முடிவானபின், அதை மட்டும் தனியாக விடுவதும் சரியாகப் படவில்லை. பார்க்கிறவன் கறை என்பான். பூஜை போட்ட வண்டி என்று அவனுக்குத் தெரிய வேண்டும். இடைவெளி அடைக்கிற புட்டியைக் கடுகளவு கிள்ளி, இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டி, நாலு எலுமிச்சம்பழம் செய்தேன். இரண்டு முனையிலும் சின்ன மூக்கு. ஊசியால் குத்திக் குத்தித் தோலில் புள்ளி. மஞ்சள் அடித்து, காம்பு இருந்த இடத்தில் பச்சையாக ஒரு தொடுதல். தும்மலில் ஒன்று பறந்து காணாமல் போய், மறுபடி ஒன்று செய்தேன். காரை ஒரு அடிப்பலகையில் நிறுத்தி, நாலையும் நாலு சக்கரத்துக்கு முன்னால் ஒட்டினேன். அவளிடம் காட்டவில்லை. கோப்பையோடு சேர்த்துக் காட்டலாம் என்று ஒரு கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி லைன் டிரெயினில் உட்கார்ந்திருந்தேன். எதிரே காலிக் கூடையோடு ஒரு அம்மா.

"இன்னா நைனா, கேக்கா?"

"காருங்க."

"புள்ளைக்கா?"

"எனக்கு."

அந்த அம்மா அதற்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஹாலில் ஏசி. வெள்ளைத் துணி விரித்த மேஜைகள். எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். நடுவர் ஒரு பூதக்கண்ணாடியும் பென் டார்ச்சுமாக வந்தார். நல்ல மனுஷன். என் ஸ்பீடு முள்ளைப் பார்த்து, "கையாலயா போட்டீங்க?" என்று கேட்டார். வெள்ளை வட்ட டயரையும் குரோமியத்தையும் பார்த்துத் தலையாட்டினார். பிறகு டார்ச் பானெட்டில் நின்றது.

"இங்க ஒரு சிவப்பு இருக்கே?"

"குங்குமம் சார்."

"ஒரிஜினல் வண்டியில இது கெடையாதே."

"ஒரிஜினல் வண்டி எங்க திருவொத்தியூர்ல இருந்திருந்தா இருந்திருக்கும் சார்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே மார்க்கைக் குறைத்தார். பரிசு ஒரு பழைய லாரிக்குப் போனது. கதவெல்லாம் துரு, மட்கார்டு நசுங்கல், பக்கவாட்டில் ஓட்டை, அத்தனையும் பெயின்ட்டிலேயே காட்டியிருந்தார் செய்தவர். ஒப்புக்கொள்கிறேன், அருமையான வேலை. ஆனால் துருவுக்கும் நசுங்கலுக்கும் கோப்பை என்றால் எங்கள் யார்டுக்கு வருஷம் தவறாமல் தர வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது அவள் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் ஊசியைத் துணியில் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னாச்சி?"

"ஒண்ணியும் காணோம்."

"ஏன், நல்லாத்தான கீது?"

பொட்டால்தான் போயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதிலாகப் பெட்டியைப் பிரித்துக் காரை மிஷின் மேல் வைத்தேன். அவள் மிஷின் விளக்கைப் போட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு குனிந்தாள். இத்தனை வருஷத்தில் என் காரை அவள் இவ்வளவு கிட்டே வந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. பொட்டைப் பார்த்தாள். அது அழியாமல் இருப்பதைப் பார்த்து என்னையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவள் பார்வை சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்றது. நகத்தால் ஒரு எலுமிச்சம்பழத்தை லேசாகத் தொட்டாள். சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது, ஆனால் வரவிடவில்லை.

எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "பாத்தியா, பூஜை போட்டுதாம்மே எடுத்துகினு போனேன்," என்றேன். "பொட்டு கீது, பழம் கீது, எல்லாம் கரீக்டா செஞ்சேன். அப்பறம் ஏன் கெலிக்கல?"

அவள் கத்திரிக்கோல் முனையால் சக்கரத்தைக் காட்டினாள்.

"பழம் நசுங்கவே இல்ல, வண்டி எப்டிய்யா கெளம்பும்?"