பெண்கள் பெஞ்சு

தடால்...

நூலகத்துக்குள் பெஞ்சு சாய்ந்த சத்தம். வாசலில் நின்றிருந்த நான் உள்ளே ஓடினேன். பெண்கள் பகுதியில் பெஞ்சு நேராகத்தான் இருந்தது. அதில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். என்னைத் தாண்டி யாரும் உள்ளே போகவில்லை.

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு நடந்தது இது. 1971 டிசம்பர். பாகிஸ்தானுடன் சண்டை தொடங்கிய மறுநாள். திருவள்ளூர் கோயில் குளத்தருகே, அரிசி வியாபாரி ஒருவர் வாடகை வாங்காமல் விட்ட கூடத்தில் எங்கள் கிளை நூலகம். நான் நூலகர். புத்தகம் இரவல் தருவோம். மாலையில் ரேடியோ வைப்போம். படிக்கத் தெரியாதவர்கள் கேட்டால் பத்திரிகை படித்துக் காட்டுவோம்.

"காக்களூர் பூவம்மா நானு. எம்மவன் மணவாளன் பட்டாளத்துல கீறான். இங்க வந்தா பேப்பர் படிச்சுக் காட்டுவாங்கன்னு சொல்லிட்டுப் போனான். சண்டை சேதி படி, நைனா."

உரக்கப் படித்தேன். அதன்பின் தினமும் வந்தாள். வருவதை மட்டும் நான் பார்த்ததே இல்லை. படிக்க ஆரம்பித்துத் தலை நிமிர்ந்தால்... இருப்பாள்.

கோயில் கைங்கரியம் முடித்து வரும் ஸம்பத்குமார் ஒருநாள் சிரித்தார்.

"ஓய் துளசிராமன், இருக்கறது நாம ரெண்டு பேர். நேக்குக் கண் நன்னாத் தெரியறது. யாருக்காகத் தொண்டை கிழியப் படிக்கிறீர்?"

பெண்பிள்ளைகளை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று கொட்டும் மழை. அவர் தன் ஈரக் குடையை அந்த பெஞ்சில் வைத்தார். அவள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே. கண் சிமிட்டினேன். அவள் மறுகோடியில் இருந்தாள்.

புடவையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

குடையோடு வந்திருப்பாள் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

சண்டை தொடங்கி இரண்டு வாரம் ஆகப் போகிறது. ஒரு மாலை, ஏழே கால். ரேடியோவில் டில்லி செய்தி. சண்டை முடிந்தது.

அவள் எழுந்தாள்.

"அப்ப வந்துடுவான். ஊட்டுல சொல்றதுக்கு யாரும் இல்ல. நீயே சொல்லிடு, நைனா. மெதுவா சொல்லு."

"என்ன சொல்ல?"

விளக்கு அணைந்தது... எரிந்தது.

பெஞ்சு காலி.

மழைக்காகச் சாத்திய கதவு சாத்தியபடியே இருந்தது.

தை பிறந்தது. ஒரு சாயங்காலம், பட்டாள உடுப்பில் ஒருவன் வந்தான். தோளில் டிரங்குப் பெட்டி. கையில் கம்பளிச் சால்வை.

"ஊடு பூட்டிக் கெடக்குது சார். அம்மா பேப்பர் கேக்க இங்க வந்துகீதோன்னு..."

"மணவாளனா? சண்டை முடியற வரைக்கும் ஒருநாள் தவறலப்பா. அதோ, அந்த பெஞ்சுதான்."

அவன் முகம் மலர்ந்தது. பெஞ்சில் உட்கார்ந்தான். சால்வையைப் பக்கத்தில் வைத்துத் தடவினான்.

"அம்மாவுக்குக் குளிரு தாங்காது சார்."

வாசலில் நிழல். காக்களூரில் அவர்கள் பக்கத்து வீட்டு ஜானகியம்மாள், மூச்சு வாங்க, கழனிச் சேற்றுக் காலோடு நின்றாள்.

"கழனியிலருந்து உன்னப் பாத்துட்டு ஓடியாறேன், கண்ணு... உனக்குப் போட்ட தந்தி வரலியா? அம்மா ஐப்பசியிலயே போயிடுச்சுடா."