குக்கரோடு ஆம்பூர் வரை

வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி. படகுத்துறைக்கு எங்களை வழியனுப்ப நான்கு பேர் வந்திருந்தார்கள். மாலத்தீவின் தென்பக்கத்தில் இருக்கும் அந்தத் தீவை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். அங்குள்ள பள்ளியில் ஆறு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். இந்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. உள்ளூர்ப் பெண் ஒருத்தி பயிற்சி முடித்து அந்த இடத்துக்கு வந்துவிட்டாள். என்னிடமே படித்தவள், பாடமும் நன்றாக நடத்துகிறாள். அவள்மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடைக்கவில்லையே என்பதுதான் என் பெரிய கோபம்.

படகில் ஏறும்வரை எனக்கும் என் கணவர் சாமுவேலுக்கும் ஒரே சண்டை, அதுவும் ஒரு குக்கரைப் பற்றி. ஐந்து லிட்டர் குக்கர். கைப்பிடி கருகி, கம்பி சுற்றியது. விமானத்தில் ஆளுக்கு முப்பது கிலோதான் அனுமதி. நான் என் அகராதியையும் இலக்கணப் புத்தகங்களையும் பள்ளி நூலகத்துக்கே கொடுத்துவிட்டேன். அவர் குக்கரை மட்டும் விடமாட்டேன் என்றார். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். கடைசியில் அது அட்டைப்பெட்டிக்குள் போனது.

மாலே வரை விரைவுப்படகில் மூன்று மணி நேரம். எங்கள் மகள் ரூத்துக்கு ஒன்பது வயது. படகிலேயே அவளுக்கு ஒரு பாடம் எடுத்தேன். ஆம்பூரில் அத்தை வீட்டில் யார் கேட்டாலும் லீவில் வந்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். பொய்யா என்று கேட்டாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றேன். ஆசிரியையாக நான் சொன்ன பதில்களிலேயே மட்டமானது அதுதான்.

அத்தை என்பது சாமுவேலின் அக்கா கிரேஸ், எனக்கு அண்ணி. ஆம்பூரில் தனியாக இருக்கிறார். ஷூ கம்பெனியில் முடித்த ஷூக்களைச் சோதித்து அனுப்புகிற வேலை. எனக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தபோது, வேலூரில் அச்சகத்தில் இருந்தவன் பெண்டாட்டி பின்னால் போவதா என்று குடும்பமே குதித்தது. அண்ணி ஒருவர்தான் போகச் சொன்னார். அதன்பிறகு என்னைப் பற்றித் கம்பெனியில் தன் லைனில் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்கிற அத்தனை பெண்களிடமும் பெருமை பேசினார். தினமும் காலையில் எனக்குப் போன் செய்வார். ஐந்து நிமிடம் பேசிவிட்டு, வேன் வந்துவிட்டது என்று வைத்துவிடுவார். அந்த அண்ணியின் முன்னால் வேலை போனவளாகப் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை, சென்னை. விமான நிலையத்திலேயே அட்டைப்பெட்டி கிழிந்துவிட்டதால் குக்கர் ஒரு துணிப்பைக்கு மாறியது. கைப்பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. லீவில் வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்களே. பர்மா பஜாருக்குப் போய் வெளிநாட்டுச் சாக்லேட் இரண்டு பாக்கெட் வாங்கினேன். சாமுவேல் குக்கர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஞாயிறு, காலை ஏழே முக்கால். சென்ட்ரலிலிருந்து ரயில் கிளம்பியது. ஆம்பூர் ஏறத்தாழ நூற்று எண்பது கிலோமீட்டர், மூன்று மணி நேரப் பயணம். அரக்கோணம் தாண்டி வாலாஜா ரோட்டில் ஒரு பாய் ஏறி எதிர் இருக்கையில் உட்கார்ந்தார். ஊர் மேல்விஷாரம். வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறாராம். ரூத் வாயாடி. காட்பாடி வருவதற்குள் அவருக்கு எங்கள் தீவு, பள்ளி, நான் டீச்சர் என்பது வரை தெரிந்துவிட்டது. எங்கள் இருக்கைக்குக் கீழே இருந்த துணிப்பையை அவர் பார்த்தார்.

"ஃபைனலா வந்துட்டீங்களா டீச்சர்?"

லீவு என்றேன். ரூத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாய் சிரித்தார். கிண்டலாக இல்லை. "லீவுல வர்றவங்க பொட்டியில சாக்லேட் இருக்கும், சென்ட் இருக்கும். குக்கர யாரும் லீவுக்குத் தூக்கிட்டு வரமாட்டாங்கம்மா. நான் ரியாத்ல இருந்து வந்தப்போ இஸ்திரிப் பொட்டி. ஸ்டேஷன்ல இறங்கினதுமே எங்க தெரு முழுக்கத் தெரிஞ்சிபோச்சி."

பதினான்கு வருடம் அங்கே இருந்தாராம். பிறகு பேச்சை மாற்றி, தன் பேத்தியின் படிப்பைப் பற்றிச் சொன்னார். என் காதில் எதுவும் ஏறவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாலாறு மணலாகவே கூட வந்துகொண்டிருந்தது. குடியாத்தம் போனது. இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டு வேலைக்குப் போய் வந்திருப்பார். பெட்டியைப் பார்த்தே ஆளைப் படித்துவிடுகிறார்கள். அண்ணி மட்டும் படிக்கமாட்டாரா?

பத்தரை மணிக்கு மேல் ஆம்பூர் வந்தது. ரயில் இரண்டு நிமிடம்தான் நிற்கும். சாமுவேல் பெட்டிகளோடு முன்னால் இறங்கினார், ரூத் அவர் பின்னால். நான் கடைசி. குக்கர் பையை இருக்கைக்கு அடியில் அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன்.

ரயில் அசைந்தது. பாய் வாசலுக்கு ஓடிவந்து பையை நீட்டினார்.

"டீச்சர், குக்கர்!"

சாமுவேல் எட்டி வாங்கிக்கொண்டார். ரயில் போன பிறகும் அவர் நகரவில்லை. தன் கையிலிருந்த பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வேணும்னுதான் விட்டேன்" என்றேன்.

"தெரியும். அங்க எனக்குன்னு இருந்த ஒரே வேலை இதுதான், ஷீலா."

எனக்குச் சுருக்கென்றது. ஆறு வருடம் ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து எனக்கும் ரூத்துக்கும் டப்பா கட்டிக்கொடுத்த மனிதர். விசாவில் அவர் பெயருக்கு எதிரே, உடன் வந்தவர் என்று மட்டும் இருந்தது. வேலை போனது எனக்கு மட்டும்தான் என்று நான் மூன்று மாதமாக அழுதுகொண்டிருந்திருக்கிறேன். பிளாட்பாரத்திலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பையை நானே தூக்கிக்கொண்டேன்.

ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிரியாணிக் கடைகளின் முன்னால் கூட்டம். அந்த வாசனை முடியும் இடத்தில் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை பிடித்துக்கொண்டது. வெளியூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறீர்களா என்று ஆட்டோக்காரர் கேட்டார். ரூத் என் முகத்தைப் பார்த்தாள். நான் மடியில் இருந்த குக்கரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பதினோரு மணி. அண்ணி ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து அப்போதுதான் வந்து, சேலைகூட மாற்றாமல் வாசலில் நின்றார். ரூத்தைக் கட்டிக்கொண்டார். என் இடுப்பிலிருந்த பையைத் தானே வாங்கி உள்ளே கொண்டுபோய், குக்கரை எடுத்துத் தரையில் வைத்தார். மூடியைத் திறந்து விளிம்பில் விரலை ஓட்டினார். கம்பி சுற்றிய கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். ஷூவையும் இப்படித்தான் சோதிப்பார் போலிருக்கிறது.

"நாங்க லீவுல வந்திருக்கோம் அத்தை" என்று ரூத் ஒப்பித்தாள். சொல்லிக்கொடுத்த பாடத்தைப் பிசகாமல் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இல்ல அண்ணி. வேலை போயிடுச்சி. இனிமே இங்கதான்."

அண்ணி குக்கரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"போன வருஷம் ஆர்டர் கம்மின்னு எங்க லைன மூடிட்டாங்க. நாலு மாசம் வீட்லதான் இருந்தேன். உங்கிட்ட சொன்னனா?"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தினமும் போன் செய்தீர்களே என்று சாமுவேல் கேட்டார்.

"செஞ்சேன். வேன் வந்துடுச்சின்னு வெச்சிடுவேன். எந்த வேனும் வரலடா. இவ பேஜாராயிடுவா, வேலைய விட்டுட்டு வான்னு நீ இவள இழுத்துட்டு வந்துடுவியேன்னுதான் சொல்லல."

பிறகு கம்பெனியில் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த நாலு மாதமும் நான் தீவில் உட்கார்ந்து, வேலைக்கு நேரமாகிவிட்டது, கிளம்புங்கள் என்று அண்ணியை விரட்டியிருக்கிறேன். லீவு என்ற என் பொய்க்கு வயது மூன்று நாள். அவருடையதற்கு ஒரு வருடம் இருக்கும். அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். மூடியின் கேஸ்கெட் தளர்ந்திருக்கிறது, நாளைக்கு பஜாரில் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று அண்ணி தம்பியிடம் சொன்னார். சாமுவேல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அரிசி எங்கே என்று கேட்டார்.

தீவில் யார் வந்தாலும் படகிலிருந்து கால் வைக்கும்போதே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும், எதையும் மறைக்க முடியாது. அதைப் பல தடவை திட்டியிருக்கிறேன். நாங்களோ ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்துகொண்டு, ஒருவர் மனம் நோகக்கூடாது என்று மற்றவர் எவ்வளவு தனியாகக் கிடந்திருக்கிறோம்.

இரண்டாவது விசில் வந்தபோது பக்கத்து வீட்டு அம்மா வாசலில் எட்டிப் பார்த்து, லீவா என்று ரூத்தைக் கேட்டார். ரூத் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"இல்ல ஆன்ட்டி. எங்க அம்மாவுக்கு வேலை போயிடுச்சி. அப்பா சாதம் வெச்சிருக்காரு, சாப்பிட வர்றீங்களா?"