நெவில் பெயரில் ஹிரோஷிமா போனவர்

வெர்ன் பாஸ்கோவுக்கு வாய் கொஞ்சம் நீளம், நாக்கு அதைவிட நீளம். 1946-இல் ஆஸ்திரேலியப் படையோடு ஜப்பானில் காவலுக்கு இருந்தபோது, முகாமே பீருக்கு அடித்துக்கொள்ள, இந்த மனிதர் மட்டும் இனிப்புப் பால் டப்பாவுக்கு அலைந்தார். ஒரு டப்பா கொடுத்தால் போதும், யாருடைய காவல் முறையையும் தன் தலையில் போட்டுக்கொள்வார். குண்டு விழுந்த ஹிரோஷிமாவில் காவல் என்றாலே அவர் நண்பர் நெவில் டுகனுக்கு வேப்பங்காய். ஒன்பது தடவை டப்பாவைக் கொடுத்துவிட்டு நெவில் முகாமில் குறட்டை விட்டார். ஒன்பது தடவையும் "டுகன்!" என்று பெயர் கூப்பிட்டபோது வெர்ன் கூச்சமே இல்லாமல் "இருக்கேன் ஐயா!" என்று குரல் கொடுத்துவிட்டு வண்டி ஏறினார். அங்கே இடிந்த சுவரில் உட்கார்ந்து, புழுதி படிந்த ரொட்டியைத் தின்று, பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார்.

முப்பத்து மூன்று வருடம் கழித்து, சொந்த ஊரான ஹார்ஷமில் ரத்தம் கெட்டுப் படுத்தார். அணுகுண்டு ஊரில் இருந்ததால் வந்த நோயா என்று பாருங்கள் என்று அரசுக்கு எழுதிப் போட்டார். நீங்கள் ஹிரோஷிமாவில் கால் வைத்ததாகப் பதிவே இல்லை, சாட்சி இருந்தால் விசாரணைக்கு அழைத்து வாருங்கள் என்று அரசின் விசாரணைக் குழு பதில் எழுதியது.

"உன் நாக்கை அடக்கி வெச்சிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?" என்றாள் மனைவி எஸ்மி.

"கெட்டது ரத்தம்தான். நாக்கு இன்னும் நல்லாத்தான் இருக்கு."

வேடிக்கையாகப் பேசினாரே தவிர, உள்ளுக்குள் நொந்துபோயிருந்தார். சாவதுகூடப் பரவாயில்லை, பொய்யன் என்று பெயர் வாங்கிச் சாவதை அவரால் தாங்க முடியவில்லை.

உண்மை தெரிந்த ஒரே ஆள் நெவில். அவரோ ஊர்ப் படைவீரர் சங்கத்துத் தலைவர். வருடாவருடம் போர் நினைவு நாளான அன்சாக் தினத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய், ஹிரோஷிமாவைப் பற்றிப் பேசிப் பேசியே பெரிய மனிதரானவர். அந்தக் கிணற்றுத் தண்ணீரின் ருசியைக்கூட விடமாட்டார். எல்லாம் வெர்னிடம் கேட்ட சரக்கு. சாட்சி சொல்ல வருவாயா என்று வெர்ன் கேட்டதற்கு, ஒரு வாரமாக அவரிடமிருந்து பேச்சுமூச்சில்லை.

விசாரணை நாளன்று நெவில் வந்தார். வழக்கமாக மினுமினுக்கும் பதக்கங்கள் மார்பில் இல்லை.

"பதிவேட்டுல இருக்கிற பேரு என்னுது. போன ஆளு இவன். ஒன்பது தடவையும் நான் தூங்கிட்டிருந்தேன்."

"அப்ப எங்க பிள்ளைங்ககிட்ட சொன்னதெல்லாம்?" என்றார் பின்வரிசையில் இருந்த ஊர்க்காரர் ஒருவர்.

"இவன் சொன்னது. ஒண்ணுகூட நான் பார்த்ததில்ல."

குழுத் தலைவர் பேனாவைத் திறந்து, ஒன்பது தேதிகளுக்கும் எதிரே வெர்ன் பாஸ்கோ என்று எழுதிக்கொண்டார். அதுவரை கணவரைத் திட்டிக்கொண்டிருந்த எஸ்மி கைக்குட்டையை எடுத்தாள்.

வெளியே வந்ததும் நெவில் தொப்பியைக் கசக்கியபடி நின்றார். "போச்சுடா வெர்ன். நான் அந்த ஊரையே பார்த்ததில்லன்னு இனி எல்லாருக்கும் தெரியும்."

"நல்லதாப் போச்சு போ. நீயும் வந்து பார்த்திருந்தா, நீயும் என்னை மாதிரி படுத்திருப்ப. இன்னிக்கு எனக்காக இதைச் சொல்ல ஆளு ஏது?"