அரைப் பிஸ்கட்

கஞ்சா கலந்த பிஸ்கட் எப்படி இருக்கும் என்று மெல்பேர்ன் நண்பர்கள் சிலர் என்னிடம் இரகசியமாகக் கேட்பதுண்டு. புகைக்கப் பயம், தின்று பார்க்கலாம் என்று ஒரு ஆசை. தின்பதில்தான் அதிகம் கவனம் வேண்டும் என்று சொல்வேன். புகை உடனே தன்னைக் காட்டிவிடும். வயிற்றுக்குள் போனதோ தனக்குப் பிடித்த நேரத்தில்தான் வரும். வந்தபின் போகச் சொன்னாலும் போகாது. இது எனக்குத் தெரிய வந்தது ஒரு நோயாளியால்.

எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னின் கார்ல்டன் பகுதியில் ஒரு பழைய வீட்டில் மூன்று பேர் அறை எடுத்து இருந்தோம். நான் மாணவன். மற்றவர் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், என்ஜினியர். மூன்றாவது, மண்பாத்திரம் வனையும் ஒரு வெள்ளைக்காரப் பெண். அண்ணைக்குக் குடலில் புற்றுநோய். மருந்து ஏற்றிவிட்டு வந்தால் தண்ணீர்கூட வயிற்றில் நிற்காது. கலியாணம் முடித்த கையோடு இங்கே வந்தவர். மனைவிக்கு, நான் அக்கா என்று கூப்பிட்டவருக்கு, அப்போதுதான் விசா கிடைத்திருந்தது. தனக்குக் கொஞ்சம் சுகமில்லை என்று மட்டும் அண்ணை அவருக்கு எழுதியிருந்தார். அக்கா வந்து சமைக்கிற முதல் சாப்பாட்டை வயிறு நிறையச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

கஞ்சா பசியைத் தூண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். இலையை வெண்ணெயில் காய்ச்சி வடித்து, ஓட்ஸும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பிஸ்கட் சுட்டாள். பொலிஸ் வந்தால் என் படிப்பு என்னாகும் என்று எனக்கு நடுக்கம். அண்ணை மணந்து பார்த்துவிட்டு, ஊர்ப் பரியாரியின் லேகியமும் இந்த வாசம்தான் என்றார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்துச் சொன்னது சின்ன வயதிலிருந்தே நான்தான். இந்தப் பிஸ்கட்டில் வாசிக்க ஒன்றுமில்லை.

முதல் தடவை ஒன்றைத் தின்றுவிட்டுக் கதிரையில் இருந்து பார்த்தார். நேரம் போனது. ஒன்றும் நடக்கவில்லை.

"உவள் வெறும் பிஸ்கட்டைத் தந்து என்னைப் பேய்க்காட்டிப் போட்டாள், தம்பி" என்று இன்னொன்றையும் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டும் சேர்ந்து வந்தன. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் செத்திட்டனோ?" என்று கேட்டார். இல்லை அண்ணை என்றேன். "அப்ப அந்த மணிக்கூட்டை நிப்பாட்டடா, காதுக்கை அடிக்குது" என்றார்.

அதற்குப் பிறகு பாதிதான். பாதியைத் தின்றுவிட்டுக் காத்திருப்பார். ஒரு மணித்தியாலம், சில நாள் இரண்டு. பிறகு பசி வரும். ஒரு கோப்பை கஞ்சி இறங்கும்.

அக்கா வரும் நாள் கணக்குப் போட்டோம். விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது பாதி தின்றால், வீடு திரும்பி அக்கா சமைத்து முடிக்கும் நேரத்துக்குப் பசி சரியாக இருக்கும். வேனை அந்தப் பெண் ஓட்டினாள். போய்ச் சேர்ந்தபோது விமானம் தாமதம் என்று பலகையில் போட்டிருந்தது. மத்தியானம் கழிந்தும் வரவில்லை.

பசி வந்துவிட்டது. கடையில் இறைச்சி அடைத்துச் சுட்ட மீட் பை ஒன்று வாங்கச் சொன்னார். சோஸ் விரலில் வழிய வழியத் தின்றார். "இன்னொண்டு வாங்கடா, தம்பி. உருளைக்கிழங்குப் பொரியலும் வாங்கு." மாதக் கணக்கில் அவர் இப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். அந்தச் சந்தோஷத்தில் இந்தப் பசி யாருக்காக வந்தது என்பதையே நாங்கள் மறந்துபோனோம்.

அக்கா வந்து இறங்கியபோது அவருக்குக் கண் சொக்கிக்கொண்டிருந்தது. எலும்பும் தோலுமாக இருந்த அவரைக் கண்டு அக்கா அப்படியே நின்றார். பிறகு கிட்ட வந்து அவர் தோளில் கிடந்த சால்வையைச் சரிசெய்தார்.

வீட்டில் பெட்டியைத் திறந்து இடியப்ப உரலையும் வறுத்த மாவையும் எடுத்துக்கொண்டு நேரே குசினிக்குப் போனார். அதற்குள் பசி போய்விட்டிருந்தது; தேங்காய்ப்பால் சொதி கொதிக்கும் வாசத்துக்கே அண்ணைக்கு ஓங்காளம் வந்தது. மீதிப் பாதியைத் தரட்டுமா என்று காதுக்குள் கேட்டேன். அது வேலை செய்வதற்குள் எல்லாம் ஆறிவிடும் என்றார்.

ஒரு இடியப்பத்தைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தார். "உப்புக் கூடிப் போச்சோ?" என்று அக்கா கேட்டார். இல்லை, நல்லா இருக்கு என்றவர், எழுந்து குளியலறைக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு பிஸ்கட்டும் அவர் வயிற்றில் நிற்கவில்லை. குளிர்காலம் முடியுமுன் போய்விட்டார்.

அக்கா ஊருக்குத் திரும்பத் துணிமணிகளை அடுக்கிக்கொண்டிருந்த நாள், அண்ணை கடைசியாக வயிறு நிறையச் சாப்பிட்டது எப்போது என்று என்னைக் கேட்டார். பிஸ்கட்டிலிருந்து விமான நிலையம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அண்ணையின் சேட்டொன்றை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"நான் வாறதுக்கு முந்தி அவருக்குப் பசிச்சுப் போட்டுது, என்ன?" என்றார்.

"ஓம், அக்கா."