முனிக்குப் போட்ட மிளகாய்ப் புகை

என் கணவர் வீட்டில் எல்லோரும் அப்போது நம்பியது இதுதான்: பாழுங்கிணற்றில் முனி இருக்கிறது, உள்ளே இறக்கும் விளக்கை அணைப்பது அதன் மூச்சு. நச்சுக்காற்று என்று நான் சொன்னதை என் மாமியார் மறுக்கவில்லை. "ஆமாண்டி, அது முனி வுடுற காத்து" என்று சேர்த்துக்கொண்டார்.

என் கணவர் கிணறு தூர் எடுப்பவர். சுரங்கங்களுக்குள் துருத்தியால் காற்றுச் செலுத்துவதைப் பள்ளியில் ஒரு பிரெஞ்சுப் பாடத்தில் படித்திருந்தேன். ஆகவே, புதுச்சேரியில் ஒரு கொல்லுப்பட்டறைக்காரர், கைப்பிடியைச் சுற்றினால் காற்றை ஊதும் இரும்புத் துருத்தி ஒன்றை விற்றபோது, அதை வாங்கச் செய்தேன். கித்தானில் நீண்ட குழாய் தைத்து அதன் மூக்கில் கட்டினேன். துருத்தி சுற்றுவது என் வேலையாயிற்று.

முதல் வேலை கரிக்கலாம்பாக்கத்தில், ஒரு கரும்புத் தோட்டத்துக் கிணறு. முந்தைய கோடையில் அதில் இறங்கியவரை மயங்கிய நிலையில்தான் மேலே தூக்கினார்கள். அதனால் மாமியார் மகனை இறங்கவிட மறுத்தார். இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: நான் துருத்தி சுற்றலாம், ஆனால் பக்கத்திலேயே பூசாரி முனியை விரட்டும் பூசையைச் செய்ய வேண்டும்.

விளக்கை இறக்கினோம், பாதி ஆழத்தில் அணைந்தது. குழாயை அடிவரை விட்டு நெடுநேரம் சுற்றினேன். மறுபடி இறக்கிய விளக்கு அடியிலும் நின்று எரிந்தது. என் கணவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார், தோட்டத்து ஆட்கள் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நான் சுற்றுவதை நிறுத்தவில்லை.

சற்று நேரத்தில் கிணற்றுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. பிறகு தும்மல். பிறகு இரண்டும் கலந்த ஒரு பேரோசை.

"முனி மல்லுக்கட்டுது! வேகமா சுத்துடி!" என்றார் மாமியார்.

வேகமாகச் சுற்றினேன். ஓசை வலுத்தது. நிறுத்தினால் அவருக்குக் காற்று இல்லை, சுற்றினாலோ இப்படி. கயிற்றை இழுக்கச் சொல்லி ஆட்களிடம் கத்திக்கொண்டே திரும்பினேன். பூசாரி துருத்திக்குப் பின்னால் தணல் சட்டியை வைத்து, அதில் காய்ந்த மிளகாயை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வராததற்குக் காரணம் இருந்தது. காற்றை இழுக்கும் வாய் அவ்வளவு புகையையும் வாங்கி, நான் தைத்த குழாய் வழியே என் கணவரின் மூக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சட்டியைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டுத் தொடர்ந்து சுற்றினேன்.

மேலே வந்தவருக்குக் கண் சிவந்து, மூக்கு ஒழுகி, தலையெல்லாம் சேறு. பூசாரி வேப்பிலையை ஓங்கினார்.

"யார் நீ? எந்த ஊரு? இன்னா வேணும், சொல்லு!"

"குருவிநத்தம்யா! தண்ணி வேணும்யா!"

"ஐயோ, எங்க ஊரையே சொல்லுதே!" என்று அலறினார் மாமியார்.

"நான்தாம்மா! எவன்யா மொளகாய வறுத்துக் கீழ அனுப்புனது?"

மாமியார் மகனை உற்றுப் பார்த்தார். முந்தானையால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டார். பிறகு பூசாரியிடம் திரும்பினார்.

"யோவ், சட்டியத் தூக்கிகினு அந்தாண்ட போய்யா. எம்புள்ள எறங்கணும்."

அன்றே தூர் எடுத்து முடித்தோம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஊதும் முனையை எல்லோரும் பார்ப்பார்கள், இழுக்கும் முனைக்கருகில் என்ன இருக்கிறது என்பதை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்று அங்கே நிற்பது புகைவிடும் என்ஜினாக இருந்தாலும் விதி அதுவே.

மாமியார் காலமாகிவிட்டார், பூசாரியும். நாங்கள் இருவரும் இருக்கிறோம். நான் மிளகாய் தாளிக்கும் வேளைகளில் மட்டும் அவர் தெருவில் இருப்பார்.